அழுகைக் காட்சியில் சிரித்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன்னைப் பற்றி உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. தன்னைப் போல ஒரு பொறுமைசாலி இந்த ஊரிலேயே கிடையாது என்பதுதான் அது. தப்பெல்லாம் மற்றவர்கள் பேரில்தான். ஒரு தடவை அமுக்கினால் வந்து நிற்கிற லிஃப்டை ஏழு தடவை அமுக்கிக் கூப்பிட்டார்கள். ஆறு பேர் என்று எழுதிப்போட்ட பெட்டிக்குள் ஒன்பது பேர் ஏறிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையும் என்று நம்பினார்கள். மூடுகிற கதவுக்கு நடுவே குடையை விட்டார்கள், காய்கறிப் பையை விட்டார்கள். ஒருத்தர் தன் மாமனாரையே விட்டார். இதையெல்லாம் மெக்கானிக் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறிவிடும், அவ்வளவுதான். அதற்குப் போய், அவர் பராமரிக்கும் பதினோரு கட்டடங்களிலும் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. "சிடுமூஞ்சி வந்தாச்சு, இனி லிஃப்ட் ஓடும்" என்று நாலாம் மாடியில் யாரோ சொன்னதைப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார். முதல் பாதியைத் தள்ளிவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தவள். முன்வாசலில் நின்று அவள் சிரித்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் திடுக்கிட்டு எழுந்து தன் ஸ்டாப் வந்துவிட்டதென்று இறங்கிவிடுவார். அவளோடு சினிமாவுக்குப் போவது மெக்கானிக்குக்குப் பெரிய தண்டனை. ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவர் சீட்டிலேயே சரிந்து சரிந்து, படம் முடிவதற்குள் கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது.

மனைவியைப் பறிகொடுத்த ஒரு கணக்கு வாத்தியார். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். கண்டவரை எல்லாம் கடித்துக் குதறுகிறார். கடைசியில் மனம் இளகுகிறார். கதை இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை படம் வெளியானது. சனிக்கிழமை காலையிலேயே லிஃப்ட் கம்பெனி மேனேஜர் போன் போட்டார்.

"நேத்து குடும்பத்தோட போயிருந்தேன். படம் முழுக்க உங்க ஞாபகமாவே இருந்துச்சு."

"எதுக்கு?"

"சும்மாதான்" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஏழு பேர். ஒன்பதாம் மாடி டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இப்பதான் உங்களைப் புரிஞ்சுது" என்றார். பெரிய கட்டடத்து வாட்ச்மேன், "உங்களை வச்சுப் படமே எடுத்திருக்காங்க சார். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தான். ஏழாவதாகப் பேசியது அவருடைய மச்சினி. மனைவிக்குத் தங்கை, பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருப்பவள். வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகளிடம் பேசிப் பேசி, பதில் வராத பேச்சுக்குப் பழகிப்போனவள்.

"மாமா, மூணு கைக்குட்டை நனைஞ்சுபோச்சு. நீங்க கண்டிப்பாப் பாக்கணும்."

"எனக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் எல்லார்மேலயும் எரிஞ்சு விழறானாம். நான் அப்படியா இருக்கேன்?"

மறுமுனையில் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மாமா. பதில் யோசிச்சிட்டிருக்கேன்."

யோசித்து முடித்துப் புதன்கிழமை பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். கிளினிக்கில் பல்வலி என்று சொல்லி லீவு போட்டாள். பல் டாக்டரிடமே பல்வலி என்று சொல்லி லீவு வாங்கிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படம் தொடங்கி நாலு நிமிஷத்துக்குள் வாத்தியார் ஜன்னலோரம் போய் நின்று வெளியே வெறித்துப் பார்த்தார். மழை பெய்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஜன்னல். மறுபடி மழை.

"இவனுக்கு வேற வேலையே கிடையாதா? மழை பெய்யறப்ப துணி காயப்போட்டிருக்கே, அதை யார் எடுக்கிறது?" என்றார் மெக்கானிக். ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. முப்பது வருஷம் லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் இருந்துகொண்டு மேலே இருக்கிறவர்களோடு பேசிய தொண்டை அது. ஐந்து வரிசைக்குக் கேட்டது. எங்கேயோ ஒருவர் களுக்கென்றார்.

"மாமா, மெதுவா."

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. மேல்வீட்டில் டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணும் வாத்தியாரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கு அணைகிறது. பெண் அழுகிறாள். வாத்தியார் தன் மனைவியின் குடையை எடுத்துக் கதவிடுக்கில் விட்டு ஒரே நெம்பாக நெம்ப, கதவு வாயைப் பிளக்கிறது. பின்னணியில் நாற்பது வயலின்கள்.

மெக்கானிக் எழுந்தே விட்டார்.

"ஐயோ, திறக்காதே! ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குதுய்யா! உள்ளே ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கு! குடைய எடு முதல்ல!"

தியேட்டர் கொல்லென்று சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். "சார் சொல்றாருல்ல, குடைய எடுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் திரையைப் பார்த்து அதட்டியது. மச்சினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவேயில்லை. அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

இடைவேளைக்குப் பிறகு படம் தன் முழு பலத்தையும் காட்டியது. வாத்தியார் மனைவியின் அலமாரியைத் திறக்கிறார். அவளுடைய ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் புதைத்துக்கொள்கிறார். அரங்கமே மூச்சடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில் வாத்தியார் தழுதழுத்த குரலில் சொன்னார்: "நீ இல்லாத இந்த வீட்டில் மௌனம்கூட உன் பெயரைச் சொல்லித்தான் அழுகிறது."

மச்சினி நாலாவது கைக்குட்டையைப் பிரித்தாள். பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். மெக்கானிக்குக்கும் தொண்டையில் என்னவோ அடைத்தது. இதோ, வந்தேவிட்டது என்று அவரே பயந்துபோன நேரத்தில், அவர் மனைவி இருந்திருந்தால் காதோரம் என்ன சொல்லியிருப்பாள் என்பது அட்சரம் பிசகாமல் அவருக்குக் கேட்டது. 'மௌனம் அழுவுதா? அப்ப முதல்ல அதுக்கு மூக்கைத் துடைச்சு விடச் சொல்லுங்க.'

அவ்வளவுதான். தொண்டையில் அடைத்தது அடுத்த நொடி மூக்கு வழியாகப் பீறிட்டது. ஹுக் என்று ஒரு சத்தம். வாயைப் பொத்தினார். பொத்தினால் தோள் குலுங்கியது. தோளை அடக்கினால் சீட்டு கிரீச்சிட்டது. முன்வரிசை அம்மாள் திரும்பி, பாவம் மனுஷன் உடைந்தே போய்விட்டார் என்று நினைத்து அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அந்த ஆறுதல்தான் கடைசி அடி. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"மாமா! என்ன ஆச்சு?" மச்சினி பதறினாள்.

அவர் மூச்சு வாங்கியபடி, மனைவி சொல்லியிருக்கக்கூடியதை அவள் காதில் சொன்னார். அவள் இரண்டு விநாடி அவரையே பார்த்தாள். அக்காவின் தங்கை அல்லவா? "மூக்கை..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கினாள். முன்வரிசை அம்மாளுக்கும் அது காதில் விழுந்துவிட்டது. அவள் தன் கணவரிடம் சொன்னாள். கணவர் அடுத்தவரிடம். திரையில் வாத்தியார் ஸ்வெட்டரோடு தரையில் சரிந்து கதறக் கதற, எச் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு ஜி, எஃப், ஈ என்று முன்னோக்கி நகர்ந்தது. காரணம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றிய பெரியவர் அழுதுகொண்டே சிரித்து, எது எதற்கான கண்ணீர் என்று குழம்பிப்போனார்.

வெளியே வந்தால் வாசலில் ஒரு பெண் மைக்கோடு நின்றிருந்தாள். படம் பார்த்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோவாகப் போடுவது அவள் வேலை. காலையிலிருந்து அவளுக்கு ஒரே மாதிரிக் கருத்துதான் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து "எங்க அப்பாவைப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று விசும்பினார். ஓர் இளம் கணவன், "இனிமே என் மனைவிகிட்டச் சண்டையே போட மாட்டேன்" என்று சத்தியம் செய்தான். பக்கத்திலேயே நின்ற மனைவி, "நேத்தும் இதான் சொன்னான்" என்றாள். மைக் பெண்ணுக்குக் கொட்டாவி வந்தது. அப்போதுதான் கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் ஈரமாக, ஆனால் கோபமாக ஒரு மனிதர் வருவதைப் பார்த்தாள்.

"சார், படம் எப்படி?"

"அந்த லிஃப்டை வருஷக்கணக்கா யாரும் சர்வீஸ் பண்ணல" என்றார் மெக்கானிக்.

"சார்?"

"சத்தம் கேட்டாலே தெரியுதே. அப்புறம் குடையால கதவைத் திறக்கிறான். பாக்கிறவங்க நாளைக்கு வீட்ல போய் அதையே பண்ணுவாங்க. மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்? மணியை அமுக்கணும். சும்மா நிக்கணும். நாங்க வருவோம்."

"கதை எப்படி சார்? மனைவியை இழந்தவரோட வலியை நல்லாக் காட்டியிருந்தாங்களா?"

"என்னத்தைக் காட்டினாங்க? ஜன்னலைக் காட்டினாங்க. பொண்டாட்டி போனவனுக்கு ஜன்னல்கிட்ட நிக்க நேரம் ஏது? கரண்ட் பில் எங்க வச்சாளோ, தைக்கிற ஊசி எங்க வச்சாளோன்னு தேடறதுக்கே ஒரு வருஷம் ஆகும்."

மைக் பெண் சட்டென்று புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்ல..."

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"மன்னிச்சுக்கங்க சார்."

"நீ என்னம்மா பண்ணே? சொல்றதைக் கேளு. அந்த வாத்தியாருக்குச் சோகத்துல கோபம் வருதுன்னு காட்டறாங்க. அதெல்லாம் இல்ல. கோபம் முன்னாடியே இருந்ததுதான். அவ இருந்தப்ப எல்லாத்தையும் வீட்ல அவகிட்டயே கத்திருவேன். அவளும் சிரிச்சுட்டுப் போயிருவா. அத்தோட அன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது. இப்ப அது முடியல. பாக்கிற ஆளுகிட்ட எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறக்க வேண்டியிருக்கு. அவ ஒருத்தி செஞ்ச வேலைக்கு இப்ப நானூறு பேர் தேவைப்படுது. அந்த நானூறு பேரும் சேர்ந்துகூட அவ அளவுக்குச் செய்யல!"

மச்சினி பின்னாலிருந்து "எடுத்தாச்சா? அழிச்சுராதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மெக்கானிக்குக்கு இது எதுவும் தெரியாது. அவர் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் கதவுத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் மாடிக் குடும்பம் ஒன்று வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றது.

"சார், எங்களைத் திட்டுங்க."

"என்னது?"

"நானூறு பேர்ல நாங்களும் நாலு பேர்னு வச்சுக்கங்க. ஒரு தடவை நல்லாத் திட்டுங்க. வீடியோ எடுத்துக்கறோம்."

"எண்ணெய் போட்ட இடத்துல செருப்போட நிக்கிறீங்களே, கண்ணு தெரியுதா இல்லையா? தள்ளிப் போங்க!"

"ரொம்ப நன்றி சார்" என்று அவர்கள் பூரித்துப்போய் இறங்கினார்கள்.

அன்று மட்டும் மூன்று கட்டடங்களில் பத்தொன்பது பேரைத் திட்ட வேண்டியிருந்தது. ஒரு கிழவர், தன்னைத் திட்டியது போதவில்லை, எதிர்வீட்டுக்காரருக்கு இன்னும் நீளமாகக் கிடைத்தது என்று குறைபட்டுக்கொண்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அவர் வாயால் திட்டு வாங்கினால் நல்ல ராசி என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, வேண்டுமென்றே லிஃப்ட் கதவுக்கு நடுவே பையை விட்டது. இந்த மாதிரி நிலைமையில் ஒரு மனிதன் எப்படிக் கோபத்தைக் காப்பாற்றிக்கொள்வது? வெள்ளிக்கிழமை சாயங்காலம், திட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சினி அவர் வீட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைச் சத்தமாகப் படித்தாள். பதினோராயிரத்துச் சொச்சம்.

"'படத்தைவிட இவர் பேசினது நல்லா இருக்கு.' 'ஸ்வெட்டர் சீன்ல ஹால்ல சிரிச்சது இவர்தானா? நான் டி வரிசை. எதுக்குச் சிரிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.' மாமா, இதைக் கேளுங்க. 'எங்க அத்தைக்கு வயசு ஐம்பத்தஞ்சு. நல்லாச் சண்டை போடுவாங்க. நானூறு பேர் வேலையைத் தனியாப் பாத்துப்பாங்க. தொடர்புக்கு...'"

"அடுத்தது படி!"

"'லிஃப்ட் சங்கம் சார்பாக நன்றி.' 'சார், எங்க பில்டிங் லிஃப்ட்டும் அதே சத்தம்தான் போடுது, பயமா இருக்கு.'"

"எந்த பில்டிங்? அட்ரஸ் வாங்கு."

மச்சினி திடீரென்று படிப்பதை நிறுத்தினாள். விரல் மட்டும் திரையில் மேலும் கீழும் ஓடியது.

"என்ன?"

"மாமா... 'இவர் நம்ம பதினேழாம் நம்பர் கண்டக்டரம்மா வீட்டுக்காரர் மாதிரி இல்ல? கத்தறது, சிரிச்சுட்டுப் போறது, எல்லாம் அப்படியே இருக்கு. காலைல ஏழு இருபது வண்டில தினமும் இவர் கதைதான் சொல்வாங்க.' அதுக்குக் கீழே பாருங்க, வரிசையா இருக்கு. 'ஆமா, இவரேதான். அலாரம் கடிகாரத்தோட சண்டை போட்டவர்.' 'மழை வரும்னு சொல்லி வரலைன்னு வானிலை ஆபீசுக்குப் போன் பண்ணினவர்.' 'எங்க வீட்டு ஆபீசர்னு சொல்வாங்களே, அவரா? இத்தனை நாள் கழிச்சு முகத்தைப் பாத்தாச்சு!'"

மெக்கானிக் போனைப் பிடுங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு விஷயம் துலங்கியது. இருபத்திரண்டு வருஷம் அவர் காலையில் கத்தியதெல்லாம் ஏழு இருபது வண்டியில் ஏறி ஊர்வலம் போயிருக்கிறது. பாலம் ஸ்டாப்பில் அவள் ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் முடிப்பாளாம். முடியாவிட்டால் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து திரும்புவார்களாம். அவர் எதிர்த்திசையில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர். அந்த பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை.

"வீட்டு விஷயத்தை பஸ்ல போட்டு உடைச்சிருக்கா!" என்று மேஜையைத் தட்டினார். "அந்த வானிலை ஆபீஸ் விஷயத்துல என் பக்கம் நியாயம் இருந்துச்சு! அதைச் சொன்னாளா?"

"சொன்னாங்க மாமா. இங்க ஒரு நர்ஸ் எழுதியிருக்காங்க. 'அவர் பக்கம்தான் நியாயம்னு கடைசில எப்பவும் சொல்லி முடிப்பாங்க.'"

மெக்கானிக் எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"இன்னும் என்ன எழுதியிருக்காங்க?"

"நிறையப் பேர் ஒரே விஷயம் கேக்கறாங்க. 'காலிங் பெல் கதை என்ன ஆச்சு? குருவி மாதிரி கத்தற பெல்லை மூணாவது தடவையா கடைக்குத் திருப்பிக் குடுக்கக் கிளம்பினார், மீதி திங்கக்கிழமைன்னு சொல்லிட்டு இறங்கினாங்க. திங்கக்கிழமை வரல. அப்புறம் வரவேயில்ல.' இதுக்குக் கீழே நாற்பது பேர், எனக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும்னு."

அந்தத் திங்கட்கிழமைதான் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மெக்கானிக் போனை வாங்கி அந்த நாற்பது கருத்துகளையும் ஒன்று விடாமல் படித்தார். பிறகு, "அந்த வண்டி பாலம் ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு பாலம் ஸ்டாப்பில் நின்றார். ஏழு இருபது வண்டி ஏழு இருபத்தாறுக்கு வந்தது. ஏறும்போதே, "ஆறு நிமிஷம் லேட்" என்றார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் கூடவே பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். "வாங்க ஆபீசர்" என்று சொல்லி இன்ஜினையே அணைத்துவிட்டார்.

பஸ் முழுக்க ஒரு சலசலப்பு. வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்த நர்ஸ் எழுந்து நின்றாள். பூங்காத் தோட்டக்காரர் ஒருவர் தன் மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இடம் கொடுத்தார். மெக்கானிக் உட்காரவில்லை. முன்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அந்த பெல் விஷயம். முதல்ல ஒண்ணு. அது குருவிச் சத்தமே இல்ல. எந்தப் பறவையும் அப்படிக் கத்தாது. அதனாலதான் திருப்பிக் குடுத்தேன். அதை அவ சொன்னாளா?"

"சொன்னாங்க, சொன்னாங்க!" என்றது பஸ்.

"சரி. மூணாவது தடவை கொண்டு போனேன். கடை பூட்டியிருந்துச்சு. வேலைக்கு நேரமாச்சுன்னு பையோட நேரா பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போயிட்டேன். லிஃப்ட் பெட்டிக்கு மேல ஏறி நின்னு வேலை பாக்கணும். பையை அங்கேயே வச்சேன். முடிச்சு இறங்கறப்ப மறந்துட்டேன். நான் எதையும் மறக்கறவன் இல்ல. அன்னிக்கு மறந்துட்டேன்."

"ஐயோ" என்றாள் நர்ஸ்.

"பாட்டரில ஓடற பெல் அது. பைக்குள்ள பெல்லும் இருக்கு, அதோட பொத்தானும் இருக்கு. லிஃப்ட் நாலாம் மாடியில நிக்கிறப்ப எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கும். குலுங்கினா பொத்தான் அமுங்கும். அமுங்கினா கூக்கூக்கூ. மூணு நாள்! நாலாம் மாடிக்காரங்க என்ன நினைச்சாங்க? லிஃப்ட் கிணத்துக்குள்ள பறவை மாட்டிக்கிச்சுன்னு. பாவம், பசியில கத்துதுன்னு ஒரு அம்மா கதவிடுக்குல ரொட்டித்தூள் போட்டிருக்கா. நான் முந்தின நாள்தான் எண்ணெய் போட்ட இடத்துல!"

டிரைவர் ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"பறவைகளைக் காப்பாத்தற அமைப்புலேருந்து வலையும் கூண்டுமா மூணு பேர் வந்துட்டாங்க. கிணத்தைத் திறக்க யாரைக் கூப்பிடுவாங்க? என்னை! மேல ஏறிப் பாக்கறேன், என் பை. கீழ முப்பது பேர் அண்ணாந்து நிக்கறாங்க. என்ன பண்றது? பெல்லையும் பொத்தானையும் எடுத்துச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு இறங்கினேன். 'பறவை என்ன ஆச்சு சார்?'னு கேக்கறாங்க. 'பறந்து போயிடுச்சு'ன்னேன். சொல்லி வாயை மூடல, வயித்துலேருந்து கூக்கூக்கூ!"

பஸ் வெடித்தது. தோட்டக்காரர் மண்வெட்டியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்சீட்டில் ஒருவருக்குப் புரையேறி, நாலு பேர் முதுகில் அடித்தார்கள்.

"அப்புறம்? அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பசின்னேன். வயிறு கத்துதுன்னேன். அந்த ரொட்டி போட்ட அம்மா உடனே உள்ள போய் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு கொண்டாந்துட்டா. அத்தனை பேர் முன்னாடியும் நின்னு சாப்பிட்டேன். வாய் வைக்கிறப்ப எல்லாம் கூக்கூ."

இதற்குமேல் அவராலேயே தொடர முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். பஸ் அடங்குவதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவகிட்டச் சொன்னேன்" என்றார் தாழ்ந்த குரலில். "டாக்டர் அவளை அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். அவளா கேப்பா? கட்டில் ஆட ஆடச் சிரிச்சா. வார்டு நர்ஸ் ஓடி வந்து என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க. நான் கதவுகிட்ட போறப்ப கூப்பிட்டா. 'இதை நான்தான் சொல்லுவேன், நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது, நீங்க சொன்னா கெடுத்துருவீங்க'ன்னா. யார்கிட்டச் சொல்லப் போறான்னு அப்ப எனக்குத் தெரியாது." நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். "இப்ப நான் சொல்லிட்டேன். கெடுத்துட்டேனா?"

"இல்ல சார்" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் வேகமாச் சொல்றீங்க" என்றார் தோட்டக்காரர். "அவங்களா இருந்தா ரொட்டித்தூள் வர்ற இடத்துல நிறுத்தியிருப்பாங்க."

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?" என்று மெக்கானிக் சீறினார். பஸ் மறுபடியும் ஆனந்தமாகச் சிரித்தது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அன்று பதினேழாம் நம்பர் பஸ் பத்தொன்பது நிமிஷம் தாமதம். ஒருவர்கூடப் புகார் எழுதவில்லை. அந்த வானிலை ஆபீஸ் விவகாரத்தில் தன் பக்கத்து நியாயத்தை மெக்கானிக் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் ஆஸ்பத்திரி ஸ்டாப் போனது, சந்தை ஸ்டாப் போனது. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கும்போதுதான் தன் வேலை ஊரின் மறுகோடியில் என்பது அவருக்கு உறைத்தது.

"ஏன்யா, யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"இறங்கியிருப்பீங்களா?" என்றார் டிரைவர்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவர் நடக்க ஆரம்பித்தார். சந்தைத் தெருவில் பாதி தூரம் போயிருப்பார். சட்டைக்குள் பெல்லை வைத்துக்கொண்டு, ஒரு கையில் தட்டோடு, முப்பது பேருக்கு முன்னால் தான் மென்று விழுங்கிய கோலம் அப்படியே கண்முன் வந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடை திறந்துகொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"உங்க வேலையைப் பாருங்க" என்றார் மெக்கானிக், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே.